வலிக்காத புண்

என்னிடம் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. பாளையங்கோட்டை ஜவுளிக்கடை ஒன்றில் கல்யாணப் புடவை எடுத்தபோது கொடுத்த பை. 2003 முதல் 2006 வரை நான் ஏறி இறங்கிய ஆஸ்பத்திரிகளின் சீட்டுகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு சீட்டுகளில் ஒரே வார்த்தை அச்சாகியிருக்கிறது: ‘ரியாக்டிவ்’.

ஒன்று, என் கழுத்து நெறிகட்டியில் ஊசி குத்தி எடுத்த திசுவின் அறிக்கை. ஏதோ ஒன்றை எதிர்த்து நிணநீர்க் கணு வீங்கியிருக்கிறது, புற்றோ காசநோயோ தெரியவில்லை என்று அதற்குப் பொருள். இன்னொன்று, வி.டி.ஆர்.எல். என்ற ரத்தப் பரிசோதனை. அங்கே அதே வார்த்தைக்கு மேகநோய், அதாவது சிபிலிஸ் என்று பொருள் எடுத்துக்கொண்டார்கள். முதல் சீட்டை யாரும் மறுபடி பார்க்கவில்லை. இரண்டாவது சீட்டு என் கல்யாணத்தை முடித்துவைத்தது.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது சீட்டின் வரலாறு. நான் பின்னால் வரலாறு படித்தவள் என்பதால்தான் இதை இப்படித் தேடிப்போக முடிந்தது. அன்று என் கையில் இருந்தது சீட்டு மட்டும்தான்.

*

எங்கள் ஊர் முக்கூடல் பக்கம், தாமிரபரணிக் கரை. ஆற்றோரம் வயல், வீட்டுக்குள் பீடி. அம்மா பீடி சுத்துவாள், நானும் சுத்துவேன். மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலையும் தூளும், பல்லிடுக்கில் நூல். 25 பீடி ஒரு கட்டு. ஆயிரம் சுத்தினால்தான் ஒருநாள் கூலி.

2003 கோடையில் எனக்கு வாயில் புண் வந்தது. வரும், பத்து நாள் இருக்கும், போகும், திரும்ப வரும். கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியது. சாயந்திரமானால் காய்ச்சல். சீப்பில் முடி கொத்தாக வந்தது.

“சூடுட்டி. ராவெல்லாம் முழிச்சிருந்து பீடி சுத்துனா வாய் வேகாம என்ன செய்யும்?” என்றாள் ஆச்சி. மணத்தக்காளியை எங்கள் பக்கம் மிளகுதக்காளி என்போம். அதன் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டு வைத்துக் கொடுத்தாள். மாசிக்காயை உரசித் தடவினாள். ஆச்சியைக் குறை சொல்ல மாட்டேன். நான் பார்த்த மனிதர்களில் வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் திருப்பி, உள்ளே பார்த்த முதல் ஆள் அவள்தான்.

அடுத்துப் பார்த்த டாக்டர்கள் பார்க்கவில்லை. வாய்ப்புண் என்று சொல்லி முடிக்கும் முன்பே பி காம்ப்ளெக்ஸ் எழுதினார்கள். இந்தப் பழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1930களில் குன்னூரின் உணவூட்ட ஆய்வுக்கூடத்தில் இயக்குநராக இருந்த அய்க்ராய்டும் அவருடன் பணியாற்றிய கிருஷ்ணனும் தென்னிந்தியக் குழந்தைகளின் வாய்ப்புண்ணைப் பி2 உயிர்ச்சத்துக் குறைபாட்டோடு இணைத்து 1936இல் எழுதினார்கள். சோறே பிரதான உணவாகவும், பாலும் பருப்பும் எட்டாத பொருளாகவும் இருந்த வீடுகளைப் பற்றிய கண்டுபிடிப்பு அது. வறுமை வாயோரத்தில் புண்ணாக வெடிக்கிறது என்று நிறுவிய நல்ல ஆய்வு. ஆனால் எழுபது ஆண்டுகளில் அது ஒரு கைப்பழக்கமாகத் தேய்ந்திருந்தது. ஏழைப் பெண்ணின் வாயில் புண் என்றால் மாத்திரை, அடுத்த ஆள். மூத்திரம் மஞ்சளாகப் போனது. புண் அப்படியே இருந்தது.

மூன்றாவதாகப் பார்த்தவர் நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். பீடி என்றதும், “பொகையில போடுவியா?” என்றார். இல்லை என்றேன். “உங்காட்கள்ல எல்லாரும் இல்லன்னுதான் சொல்லுதீங்க” என்று சிரித்தார். பன்னிரண்டு வயதிலிருந்து புகையிலைத் தூளின் நெடியில் உட்கார்ந்திருப்பவள் நான். அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் நியாயம். அவர் கேட்டது என் ஒழுக்கத்தைப் பற்றி.

*

நான்காவது இடத்தில் கேள்வி வேறு திசைக்குப் போனது. “வீட்டுக்காரர் எங்க?” பம்பாயில் என்றேன். எங்கள் மாவட்டத்து ஆண்கள் தலைமுறைகளாகப் பம்பாய்க்குப் பிழைக்கப் போகிறவர்கள். தாராவியில் பாதித் தெரு திருநெல்வேலித் தமிழ் பேசும். டாக்டர் எதுவும் சொல்லாமல் ரத்தம் எடுக்கச் சொன்னார். என்ன சோதனை என்று எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் சீட்டு வாங்கியபோதுதான் அது எச்.ஐ.வி. சோதனை என்று தெரிந்தது. இல்லை என்று வந்திருந்தது.

அவர் சந்தேகப்பட்டதில் மருத்துவத் தவறில்லை என்று இன்று எனக்குத் தெரியும். 1985இல் ஆப்பிரிக்காவுக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த எய்ட்ஸ் அடையாளப் பட்டியலில் வாய், தொண்டையில் வரும் பூஞ்சைப் புண்ணும் உடலெங்கும் நெறி கட்டுவதும் இருந்தன. தவறு, என்னிடம் கேட்காமல் எடுத்தது. அந்தக் கேட்காமையின் தொடக்கம் இந்தியாவில் எங்கே என்று தேடிப்போனால், நம் சென்னையில்தான் போய் நிற்கிறது.

1985 இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் முதுகலை மாணவியாக இருந்தார் செல்லப்பன் நிர்மலா, வயது 32. அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன், இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று அவருக்கு ஆய்வுத் தலைப்புக் கொடுத்தார். பாலியல் தொழிலாளர்களின் ரத்தம் வேண்டும். எங்கே போவது? மயிலாப்பூர் விஜிலென்ஸ் ஹோமுக்குப் போனார் நிர்மலா. நீதிமன்றம் அனுப்பி, ஜாமீன் கட்ட முடியாமல் அங்கே அடைந்துகிடந்த பெண்கள் கையை நீட்டினார்கள். எதற்காக எடுக்கிறார் என்று அவர் அவர்களிடம் சொல்லவில்லை. கையுறை கூட இல்லாமல்தான் எடுத்தார். மாதிரிகளைத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார். கணவர் ராமமூர்த்தி அவருக்குத் துணையாக நின்றார். 1986 பிப்ரவரியில் இருவரும் மாதிரிகளோடு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு ரயில் ஏறினார்கள். அங்கே ஜேக்கப் ஜானின் ஆய்வுக்கூடத்தில் எலைசா சோதனை நடந்தது. ஆறு குழிகள் மஞ்சளாயின. அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதிசெய்த பிறகு, அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவித்தார்.

சுனிதி சாலமன் பிறகு வாழ்நாள் முழுக்க எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காகவே உழைத்தார். 2015இல் இறந்தார். நிர்மலாவின் பெயர் முப்பது ஆண்டுகள் வெளியே தெரியவில்லை. அந்த ஆறு பெண்களின் பெயர் இன்றும் தெரியாது. தெரியாதிருப்பதே சரி. ஆனால் அவர்களிடம் யார் போய், என்ன சொன்னார்கள் என்பதை ஒரு வரியாவது யாராவது எழுதியிருக்கலாம். அடுத்த சில ஆண்டுகளில், எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகவே தண்டனைக் காலம் முடிந்த பெண்களும் காவலில் வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் பொதுநல வழக்குப் போட்ட பிறகே சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவிக்கச் சொன்னது. ஒப்புதல் கேட்டுத்தான் சோதிக்க வேண்டும் என்பதை நாடு தழுவிய தனிச் சட்டமாக நாடாளுமன்றம் இயற்றியது 2017இல்.

அந்தப் பெண்களோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. நான் கதவைத் திறந்து வீட்டுக்குப் போக முடிந்தவள். ஆனால் கையை நீட்டு என்றவுடன் நீட்டிய பெண்களின் வரிசையில் நானும் இருந்தேன். எதற்கு என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை.

*

2004 தையில் நான்கு மாதக் கரு கலைந்தது. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கும் சோதனைகளில் ஒன்றாக வி.டி.ஆர்.எல். எடுத்திருந்தார்கள். ‘ரியாக்டிவ்’. என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அத்தையைக் கூப்பிட்டு, அதாவது மாமியாரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அத்தை வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. வாரத்துக்கு ஒன்றாக மூன்று வாரம் இடுப்பில் பெனிசிலின் ஊசி போட்டார்கள். வீட்டில் எனக்குத் தனி டம்ளர் வந்தது.

பம்பாயிலிருந்து வந்தவருக்கும் சோதித்தார்கள். அவருக்கு ஒன்றுமில்லை. அதுவரை அவர்மீது இருந்த சந்தேகம் அந்த ஒரு சீட்டோடு என்மீது திரும்பியது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்த திண்ணையில் என் சீட்டைக் கீழே வைத்துப் பேசினார்கள். ஆங்கிலத்தில் இருந்த அந்தச் சீட்டை அங்கே வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்னிடம் யாரும் வாசிக்கச் சொல்லவில்லை.

பெண்ணின் ரத்தத்தை அவளுக்கு எதிரான சாட்சியாக வைப்பது இந்த மண்ணில் புதிதல்ல. 1868இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. படைவீரர்களை மேகநோயிலிருந்து காக்க என்று சொல்லி, பெண்களைப் பதிவுசெய்து, கட்டாயமாகச் சோதித்து, நோய் இருந்தால் ‘லாக் ஆஸ்பத்திரி’களில் பூட்டிவைத்த சட்டம். மதராஸ் மாகாணத்துப் படைமுகாம் ஊர்களிலும் அந்த ஆஸ்பத்திரிகள் இருந்தன. இங்கிலாந்தில் அதே போன்ற சட்டத்தை ஜோசஃபின் பட்லரும் அவரோடு சேர்ந்த பெண்களும் போராடி 1886இல் நீக்கவைத்தார்கள். இந்தியாவில் 1888இல் நீக்கினார்கள். சட்டம் போன பிறகும் அதன் கேள்வி மருத்துவமனைகளில் தங்கிவிட்டது: இவள் எப்படிப்பட்டவள்?

அந்தக் கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் பதில் கிடைத்துவிட்டதாக நம்பியது 1906இல். பெர்லினில் வாஸர்மன் சிபிலிஸுக்கு ரத்தப் பரிசோதனை கண்டுபிடித்தார். அவர் எடுத்துக்கொண்டது, சிபிலிஸோடு இறந்து பிறந்த சிசுக்களின் ஈரல். சீக்கிரமே தெரிந்தது, நோயில்லாத மாட்டின் இதயத்தை அரைத்து எடுத்த சாறும் அதே வேலையைச் செய்கிறது என்று. அதாவது அந்தச் சோதனை கிருமியைத் தேடவே இல்லை. நம் உடலின் கொழுப்புப் பொருள் ஒன்றுக்கு எதிராக ரத்தத்தில் எழும் எதிர்ப்பொருளைத்தான் தேடியது. போலந்து மருத்துவர் லுட்விக் ஃபிளெக் 1935இல் இந்தச் சோதனையைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். ‘கெட்ட ரத்தம்’ என்ற பழைய நம்பிக்கைதான் ஆய்வாளர்களை ரத்தத்திலேயே விடாமல் தேடவைத்தது என்பது அவர் வாதங்களில் ஒன்று.

மாட்டிதயச் சாற்றில் இருந்த அந்தப் பொருளை 1941இல் பிரித்தெடுத்தவர் ஒரு பெண், நியூயார்க் மாநில ஆய்வுக்கூடத்தில் வேலைபார்த்த மேரி பாங்பார்ன். கார்டியோலிப்பின் என்று பெயர் வைத்தார். அதைக் கொண்டு 1946இல் உருவானதுதான் வி.டி.ஆர்.எல். மலிவானது, எளிதானது, உலகமெங்கும் பரவியது. திருநெல்வேலிக்கும் வந்தது.

ஆனால் அதற்குள் வேறொரு சிக்கல் தெரிந்திருந்தது. கல்யாணத்துக்கு முன் இந்தச் சோதனை கட்டாயம் என்று அமெரிக்க மாநிலங்கள் 1935 முதல் ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டன. படைக்கு ஆள் எடுக்கும்போதும் சோதித்தார்கள். லட்சக்கணக்கில் சோதித்தபோது, சிபிலிஸுக்கு வழியே இல்லாதவர்களுக்கும் ‘ரியாக்டிவ்’ வந்தது. மலேரியாவால் சில வாரம் அப்படி வரலாம், தொழுநோயால் வரலாம். ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருப்பவர்கள்? ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த ஜோசப் ஏர்ல் மூர் அவர்களை 1950களில் விடாமல் பின்தொடர்ந்தார். பெரும்பாலும் பெண்கள். அவர்களில் சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து வேறொரு நோய் வெளிப்பட்டது. அதன் பெயர் லூபஸ்.

*

2006இல், வேறொரு ஊரில், ஒரு பெண் டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “முடி கொட்டுதாம்மா?” அடுத்து, வெயிலில் போனால் முகம் சிவக்கிறதா, காலையில் விரல் மடக்க முடிகிறதா, கரு ஏதும் கலைந்ததா. மஞ்சப்பையை வாங்கி ஒவ்வொரு சீட்டாக மேசையில் தேதிப்படி அடுக்கினார். பிறகு டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார்.

“மேலண்ணத்துல ஒரு புண் இருக்கே, வலிக்கா?”

அங்கே புண் இருப்பதே எனக்குத் தெரியாது. கன்னத்தில் வந்தவை எரிந்தன. அதைத்தான் நான் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தேன். லூபஸில் வரும் வாய்ப்புண் பெரும்பாலும் வலிக்காது, அண்ணத்தில் ஒளிந்திருக்கும் என்று அவர் சொன்னார். சிபிலிஸ் கிருமிக்கென்றே உள்ள டி.பி.எச்.ஏ. சோதனைக்கு எழுதினார். இல்லை என்று வந்தது. ஏ.என்.ஏ. இருந்தது. கார்டியோலிப்பினுக்கு எதிரான எதிர்ப்பொருளும் இருந்தது. அதே எதிர்ப்பொருள் கருச்சிதைவுக்கும் காரணமாகும் என்று 1983 முதல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் குழுவினர் எழுதிவந்தார்கள். என்னைக் குற்றவாளியாக்கிய சீட்டுத்தான் என் நோயின் முதல் தடயம். இரண்டு ஆண்டுகள் அது கையிலேயே இருந்தது.

நோய் புதிதல்ல. வியன்னாவில் கபோசி 1872இலேயே இந்நோய் தோலோடு நிற்பதில்லை, காய்ச்சல் வரும், மூட்டு வலிக்கும், நெறி கட்டும் என்று எழுதிவிட்டார். 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹார்க்ரேவ்ஸ் குழு இந்நோயின் அடையாள அணுவைக் கண்டது. பத்துப் பேருக்கு வந்தால் அதில் ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பிள்ளை பெறும் வயதில். 1971இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் சங்கம் அடையாளப் பட்டியல் ஒன்றை வகுத்தது. முடி உதிர்வு அதில் இருந்தது, வாய்ப்புண் இருந்தது, பொய்யாக ‘ரியாக்டிவ்’ காட்டும் சிபிலிஸ் சோதனையும் இருந்தது. 1982இல் பட்டியலைத் திருத்தி 11 அடையாளமாக்கினார்கள். முடி உதிர்வு போய்விட்டது. நெறிகட்டு இரண்டிலும் இல்லை. வாய்ப்புண்ணுக்கு ஒரு நிபந்தனை சேர்ந்திருந்தது: மருத்துவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

இந்தப் பட்டியல்கள் ஆய்வுக்காக வகுக்கப்பட்டவை, நிபந்தனைக்கும் நியாயம் உண்டு, இதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். இருந்தாலும் அந்த வரியை முதன்முதல் வாசித்தபோது நெடுநேரம் அதிலேயே நின்றேன். புண் பத்து நாள் இருக்கும். சுத்திய பீடியைக் கம்பெனியில் போட்டு, கூலி வாங்கி, அத்தையிடம் கேட்டு, துணைக்கு ஆள் பிடித்து, பஸ் ஏறி டவுனுக்குப் போய், டோக்கன் வாங்கி உட்காரும்போது பதினோராம் நாள். “எங்கம்மா புண்ணு?” என்று கேட்டால் என்ன சொல்வது? இருந்துச்சு என்றுதான் சொல்ல முடியும். இருந்துச்சு என்று ஒரு பெண் சொல்வது கணக்கில் சேராது.

1993இல் மாளவியாவும் சக ஆய்வாளர்களும் டெல்லிக்குப் பக்கத்துக் கிராமங்களில் வீடுவீடாகப் போய், லட்சத்துக்குச் சுமார் 3 பேருக்கு லூபஸ் என்று கணக்கிட்டார்கள். மேலைநாட்டு எண்களைவிட மிகக் குறைவு. நம் பெண்களுக்கு இந்நோய் உண்மையிலேயே குறைவாக இருக்கலாம். வீட்டுக்குப் போனபோது புண் ஆறியிருந்தவர்களும், பி காம்ப்ளெக்ஸோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களும், கண்டறியும் முன்பே இறந்தவர்களும் எந்தக் கணக்கில் வருவார்கள் என்பது என் கேள்வி.

பெயர் தெரிந்தாலும் அது நோயாளியிடம் வந்து சேர வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ’கானருக்கு 25 வயதில் லூபஸ் வந்தது. அவருடைய தந்தை 1941இல் அதே நோயில் இறந்தவர். மகள் பயந்துவிடுவாள் என்று தாய் அவரிடம் மூட்டுவாதம் என்றே சொல்லிவைத்தார். 1952இல் ஒரு தோழி சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. 39 வயதில் இறந்தார். என் கதையில் சீட்டு அத்தையிடம் போனது போல, அவர் கதையில் அம்மாவிடம் போனது. அந்தத் தாய் அன்பினால் செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெண்ணின் உடலைப் பற்றிய செய்தியை அவளுக்கு முன் வேறொருவரிடம் கொடுப்பதை இரண்டு இடத்திலும் யாரும் தவறாக நினைக்கவில்லை.

*

அந்த டாக்டர் டி.பி.எச்.ஏ. சீட்டை என் கையில்தான் கொடுத்தார். ஒரு வெள்ளைத் தாளில், இந்தப் பெண்ணுக்கு மேகநோய் இல்லை, ஒருபோதும் இருந்ததற்கு அடையாளமும் இல்லை என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நகலெடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஒப்புகை அட்டை மட்டும் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அதுவும் மஞ்சப்பையில் இருக்கிறது.

அன்றிலிருந்து தினம் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். மலேரியாவுக்காகச் செய்த மருந்து. 2020 மார்ச்சில் அது கொரோனாவைத் தடுக்கும் என்று செய்தி வந்ததும் திருநெல்வேலிக் கடைகளில் ஒரே வாரத்தில் தீர்ந்துபோனது. மீதியிருந்த மாத்திரைகளை நாள் விட்டு நாள் போட்டு ஓட்டினேன். கொரோனாவுக்கு அதனால் பயனில்லை என்று பிறகு தெரிந்தது. எங்களுக்குப் பயன் உண்டு என்பது எழுபது ஆண்டாகத் தெரிந்த சேதி.

பீடிக் காசில் அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்தேன். இப்போது வகுப்பெடுக்கிறேன். ஊருக்குப் போனால் பக்கத்து வீடுகளிலிருந்து யாராவது வந்து, வாயில் புண், கழுத்தில் நெறி என்று காட்டுவார்கள். முக்கால்வாசிப் பேருக்கு அது வெறும் வாய்ப்புண்தான். ஆச்சியின் கீரையிலேயே ஆறிவிடும். ஆறாதவர்களிடம் மூன்று விஷயம் சொல்வேன். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, கரையாத நெறிகட்டியோ எதுவானாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். எந்தச் சோதனை என்று கேட்டு, சீட்டை உங்கள் கையில் வாங்குங்கள். புண் இருக்கும்போதே போனில் படம் எடுங்கள், தேதியோடு. மேலண்ணத்தையும் எடுங்கள், வலிக்காவிட்டாலும்.

போன மாதம் ஒரு பிள்ளை படத்தோடு டாக்டரிடம் போனாள். பத்தொன்பது வயது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, டார்ச்சை எடுத்து வாயைத் திறக்கச் சொன்னாராம்.